நான்தான் நைனா

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் மகன் தொழிற்சாலையிலிருந்து போன் செய்து, "அம்மா, நான்தான்னு சொல்லிட்டேன்" என்றான். இதற்குப் பின்னால் யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நடந்த அத்தனை தவறுகளையும் ஒரே ஆள்தான் செய்திருக்கிறார். கவரைப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இரும்பாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே நைனா. மோட்டார் கருகினாலும் பெல்ட் அறுந்தாலும், மேனேஜர் "யாருய்யா" என்று ஆரம்பிப்பதற்குள் "நான்தான் சார்" என்பாராம். மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்த அன்று நடந்த கோளாறுக்கும் திரும்பி வந்து மெமோ வாங்கிக்கொண்டவர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் வாய் ஓய்வு பெறவில்லை. ரயில் சிக்னலில் நிற்கும்போது யாராவது "எவன்யா நிறுத்துனது?" என்று சலித்துக்கொண்டால் ஜன்னலோரத்திலிருந்து "நான்தான்பா" என்று குரல் வரும். ஒரு கல்யாணத்தில் சாம்பார் உப்புக் கரித்தபோது பந்தியில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். மாப்பிள்ளை வீட்டார் அவரைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டு முடிப்பதற்குள், உண்மையான சமையல்காரர் பருப்பும் தண்ணீரும் விட்டுச் சாம்பாரைச் சரிசெய்துவிட்டார்.

"ஊரு பழியெல்லாம் இவுருது. ஊட்டுல பால் பொங்குனா மட்டும் பூனையாம்" என்பார் அவர் மனைவி. அந்த வீட்டில் பூனை கிடையாது.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"யாருன்னு தேடுனா ஆளு கெடைப்பான் டீச்சரம்மா. இன்னா ஆச்சுன்னு தெரியாது. ஒருத்தன் நான்தான்னுட்டா தேடறது நின்னுடும். செஞ்சவன் கொஞ்சம் மூச்சு வுட்டுக்கினு அவனா வந்து சொல்லுவான்."

"வரலைன்னா?"

"மெமோ நமக்கு. இன்னா, பேப்பர்தானே?"

நான் சிரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் மகன் கேட்டுக்கொண்டே வளர்ந்தது எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவனுடைய ஷிப்டில் கிரேன் தூக்கிய இரும்புக் கம்பிக் கட்டு, ரோப் அறுந்து விழுந்து ஒரு மெஷினை நசுக்கிவிட்டது. மகன் அப்போது ஷெட்டின் மறு கோடியில் இருந்தான். சூப்பர்வைசர் வேலை இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. யார் காரணம் என்று கேட்டதும் நான்தான் என்றிருக்கிறான்.

நான் பக்கத்து வீட்டுக்குப் போனபோது நைனா சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் யாருக்காவது அடிபட்டதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வழியெல்லாம் திட்டினேன். உங்களுக்கு வேலை பார்த்து முடிந்துவிட்டது, அவனுக்கு இப்போதுதான் ஆரம்பம் என்றேன். இனிமேல் எந்தக் கம்பெனி அவனை உள்ளே விடும் என்று கேட்டேன். எதற்கும் வாய் திறக்கும் மனிதர், சவரம் செய்யாத கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

கேட்டில் செக்யூரிட்டி எங்களை நிறுத்திவிட்டார். மகன் போனை எடுக்கவில்லை. சாப்பாட்டுச் சங்கு ஊதி, ஆட்கள் போய்த் திரும்பினார்கள். அதன் பிறகுதான் மேனேஜர் வந்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"பையனுக்கு இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

பக்கத்தில் நைனா வாயைத் திறப்பது தெரிந்தது. ஆட்டோவில் அத்தனை திட்டியவள் நான். விரலை நீட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"நான்தான் சார்" என்றேன்.

மேனேஜர் சொன்னார்: "கிரேன் ஆபரேட்டர் இப்பதான் தானா வந்து சொன்னாரு. ரோப் உள்ள நைஞ்சிருந்தது அவருக்கு ரெண்டு நாளா தெரியுமாம், திட்டுவாங்கன்னு பயந்துட்டாரு. அடுத்த கிரேன்லயும் அதே மாதிரி ரோப். பாத்தா அதுவும் அறுந்துபோற நிலைமைல இருக்கு. அதுக்குக் கீழ ஆளுங்க வேலை செஞ்சிட்டிருந்தாங்க. நிறுத்திட்டோம்." பிறகு, "உங்க பையன் உள்ள வேலையாத்தான் இருக்கான். ஷிப்ட் முடிஞ்சு வருவான், கவலைப்படாம போங்க" என்றார்.

 

ஆட்டோவை நோக்கி நடந்தோம். நைனா பாதி சவரம் செய்த முகத்துடன் கூடவே வந்தார். சாலையைக் கடந்த பிறகு, பொருளைப் பறிகொடுத்தவர்போல் சொன்னார்:

"இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் டீச்சரம்மா நெசமாவே நான்தான். அதையும் நீ புடுங்கிக்கினியே."