சொர்ணதாஸ் மேசை

கம்ப்யூட்டரை நம்பிக் கெட்டவர்களைவிடத் தன் கம்ப்யூட்டர் அறிவை நம்பிக் கெட்டவர்கள்தான் அதிகம். நான் இரண்டாவது ரகம். போதாக்குறைக்கு, அந்த அறிவை வருங்கால மாமனார் முன்னால் கடை விரித்தவன்.

2012 வாக்கில் ஹைதராபாத் பேகம்பேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். அதுவரை பிரவுசருக்குள்ளேயே கிடந்த ஜாவாஸ்கிரிப்ட், சர்வர் பக்கம் குடியேறியிருந்த நேரம். இணையத்தில் எவனோ ஒரு சேவைக்காரன் சேர்த்து வைத்திருக்கும் தகவலை, நாலு வரி ஜாவாஸ்கிரிப்டில், எஸ்க்யூஎல் என்ற தகவல் தேடும் மொழியில் ஒரு கேள்வி அனுப்பி, வேண்டியபடி பிரித்து வாங்கிவிடலாம். அதற்குப் பெயர் குவெரி. நான் கற்றுக்கொண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. (அது ஆபத்தான பருவம். எதைப் பார்த்தாலும் குவெரி எழுதத் தோன்றும்.)

அப்போது மெட்டுகுடா மனோகரன் அங்கிளின் மகள் பியூலாவை எனக்குப் பேசியிருந்தார்கள். அங்கிள் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எங்கள் தமிழ்ச் சபையில் பெரிய தலை. "கிறிஸ்துமஸ் கழியட்டும், சொல்றேன்" என்று மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார். பியூலாவை எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அவள் அப்பாவுக்குத்தான் என்னை எத்தனை முறை பார்த்தும் பிடிக்கவில்லை.

சபையின் கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்கு நூற்றுப்பத்துப் பேர், ஓர் இணையப் படிவத்தில் பெயர் கொடுத்திருந்தார்கள். யாரை எங்கே உட்கார வைப்பது என்று கமிட்டி முழித்தபோது நான் எழுந்தேன். "ஒரே ஒரு குவெரி. குடும்பம் குடும்பமா பிரிச்சுக் குடுத்துடும்."

அங்கிள் என்னைத் தனியே கூப்பிட்டார். "யார வேணா எங்க வேணா போடு. என் தம்பி ஜெயகரன் மூஞ்சி மட்டும் எனக்கு நக்கோ." (வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் உருது.) அண்ணன் தம்பிக்குள் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம், அப்பாவின் கல்லறைக் கல்லில் தம்பி தன் பெயரை முதலில் வெட்ட வைத்தது.

"கவலைய விடுங்க அங்கிள். உங்க குடும்பம் வேற, அவங்க குடும்பம் வேற. கம்ப்யூட்டருக்குத் தெரியும்."

குடும்பம் என்றால் ஒரே கடைசிப் பெயர். அதன்படி பிரி, ஒரு பெயருக்கு ஒரு மேசை, ஆட்கள் அகரவரிசையில். அவ்வளவுதான் என் குவெரி. ஆபீஸ் பிக்னிக் பட்டியலில் ஓட்டிப் பார்த்தேன். தெலுங்குக்காரர்கள் அத்தனை பேரும் மனைவி மக்களோடு அம்சமாக உட்கார்ந்தார்கள். (அவர்களுக்கு வீட்டுப் பெயர் உண்டு, மொத்தக் குடும்பத்துக்கும் ஒன்று.)

நமக்கு ஏது அது? படிவம் ஒற்றை எழுத்து இனிஷியலை ஏற்காததால், சபையில் எல்லோரும் அப்பா பெயரை முழுசாக அடித்திருந்தார்கள். கல்யாணமான பெண்கள் கணவர் பெயரை. இது எனக்குத் தெரியாதா? ஆபீசில் என்னையே "சொர்ணதாஸ்" என்று என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதல் வாரம், அப்பா ஊரிலிருந்து வந்துவிட்டாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தவன் நான். அப்படியும் மண்டையில் ஏறவில்லை.

முப்பது மேசை இருந்தது, குவெரி முப்பத்தொன்று கேட்டது. விருந்து நடக்கும் ஓட்டலில் சொல்லி இன்னொன்று போட வைத்தேன். பட்டியலைப் படித்துப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் போட்டதைப் போய் யாராவது படிப்பார்களா?

விருந்தன்று ஐந்தே நிமிஷத்தில் ஹாலில் ஒரே கூச்சல். மனைவி, பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர் அப்பாவுடையது. அப்பாவுக்கோ தாத்தாவுடையது. ஆக, சபையிலிருந்த அத்தனை அப்பாக்களையும் நான் குடும்பத்திலிருந்து விலக்கி வைத்திருந்தேன். டேவிட் மேசையில் ஐந்து டேவிட்களின் மனைவி மக்கள் பதினேழு பேர், பத்து நாற்காலிக்கு. டேவிட் ஒருவர்கூட இல்லை. தான் சேர்த்துவைத்த ஜோடிகளெல்லாம் திசைக்கொன்றாகப் போவதை பாஸ்டர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மனோகரன் அங்கிள் தன் பெயரைத் தேடிக்கொண்டே வந்து நடு ஹாலில் நின்றார். 'பொன்னையா' என்று அட்டை வைத்த மேசை. அவருடைய அப்பா பெயர். எதிர்ப்பக்கத்திலிருந்து அதே அட்டையைப் பார்த்தபடி ஜெயகரன் அங்கிள் வந்தார். அட்டையில் பெயருக்குக் கீழே பட்டியல்: ஒன்று, ஜெயகரன். இரண்டு, மனோகரன்.

"கல்லுலயும் இவன்தான் முதல்ல, பேப்பர்லயும் இவன்தான் முதல்லயா? கைக்கு? யாரு போட்டா இத?" என்று மனோகரன் அங்கிள் கர்ஜித்தார். (கைக்கு என்றால் ஏன்.)

மீதி நூற்றேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அகரவரிசை அங்கிள்..." என்றேன். பியூலா கைவிட்டுப் போனாள் என்று அந்த நொடி நிச்சயமாகத் தெரிந்தது.

ஜெயகரன் அங்கிள் அட்டையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பா பேருல மேசை போட்டிருக்கு. விட்டுட்டுப் போனா நல்லாருக்காது. உக்காருண்ணே."

அண்ணன் உட்கார்ந்தார். அட்டையை வாங்கி நேராக நிமிர்த்தி வைத்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"ஏன்டா ஜெயா, இந்த லூசுக்கா நம்ம பொண்ணக் குடுக்கிறது?"

"லூசுதான். ஆனா கெட்டவன் மாதிரி தெரியல."

"ஹவ்" என்றார் அண்ணன். அந்த ஒற்றை ஆமாம்தான் எனக்கு நடந்த நிச்சயதார்த்தம்.

அதற்குப் பிறகு என் இடத்தைத் தேடிப் போனேன். கைகழுவும் இடத்தை ஒட்டி, முப்பத்தோராவது மேசை. 'சொர்ணதாஸ்' என்று அட்டை, பத்து நாற்காலி, நான் ஒருவன். பியூலா, தன் அம்மாவின் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் தயிர்ப் பச்சடி மட்டும் கொடுத்தனுப்பினாள்.

அண்ணனும் தம்பியும் இன்றுவரை என்னைத் திட்டுவதைத் தவிர வேறு எதிலும் ஒத்துப்போனதில்லை. எங்கள் கல்யாண ரிசப்ஷனிலேயே இருவரும் சேர்ந்து கைகழுவும் இடத்தருகே ஒற்றை நாற்காலி போட்டு, அந்த அட்டையையும் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் என்ன விசேஷமானாலும் கேக்குக்கு முன்னால் அட்டை வந்துவிடும்.

மகளைப் பள்ளியில் சேர்த்தபோது கடைசிப் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பியூலாவுக்கும் கடைசிப் பெயர் அதுதான். அந்தக் குவெரியை இன்று என் வீட்டில் ஓட்டினாலும் தாயும் மகளும் ஒரு மேசை, நான் தனி மேசை. இதை அண்ணன் தம்பித் தாத்தாக்கள் இருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பசியோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தேன். மகள் வாஷ்பேசின் பக்கம் கையை நீட்டினாள்.

"டாடி, நீ டேபிள் அக்கட." (உன் மேசை அங்கே.)