அரிசி குதிக்கும் நம்பர்

பின் சீட்டில் வைத்த தட்டில் அரிசி குதிக்க வேண்டும். எந்த நம்பரில் குதிக்கிறதோ அதுதான் அந்த அம்பாசடரின் ஜாதகம். அருள்நாதன் ஒரு மணி நேரமாக அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி அசைவேனா என்றது.

"சமைக்கிற அரிசிக்குப் பாட்டு போட்டுக் காட்டுறீங்களே, என்னங்க இது?" என்றாள் பேட்ரிசியா.

"இது ஆராய்ச்சி. உனக்குப் புரியாது."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியும். நாளைக்கு எங்க அண்ணன் பொண்ணு இந்த வண்டியிலதான் கோயிலுக்குப் போகணும். அண்ணி தலையைச் சாய்ச்சாலே சீட்ல எண்ணெய் படும்னு கத்துற மனுஷன், உங்களை நம்பிக் குடுத்திருக்காரு. அஞ்சு மணிக்குள்ள வண்டி திரும்பிப் போகணும். ஒரு கீறல் விழுந்துச்சு, நாளைக்குக் கல்யாணத்துல நான் தனியாத்தான் உட்காருவேன். அதுக்கப்புறமும் தனியாத்தான்!"

அவள் அண்ணன் அற்புதசாமி கேட்டதென்னவோ, கல்யாண வண்டியில் பாட்டு கேட்க ஒரு டேப்ரிக்கார்டர். அதை மட்டும் மாட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க அருள்நாதனால் முடியுமா? திருவெறும்பூர் தொழிற்சாலையில் இயந்திரங்களின் அதிர்வை அளப்பது அவர் வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்த நம்பர் உண்டு, அந்த நம்பரில் ஒலி எழுப்பினால் அதுவும் கூடச் சேர்ந்து அதிரும் என்பதைப் பெண் பார்க்க வந்த அன்றே மாமனாரிடம் விளக்கியவர் அவர். காரின் நம்பரைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற நீளத்தில் குழாய் வெட்டி டிக்கியில் வைத்த வூஃபர் என்ற பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியில் பொருத்தினால், பாட்டு அடிவயிற்றிலிருந்து கிளம்பும் என்பது கணக்கு.

காலையில் பாலக்கரையில் மச்சான் வீட்டில் வண்டியை எடுத்து, காந்தி மார்க்கெட்டில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு காட்டூர் வந்து சேர்ந்திருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து அவருடன் வேலை பார்க்கும் வீரராகவன், ஒலி எழுப்பும் ஆசிலேட்டரைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார்.

"நாப்பது... நாப்பத்தஞ்சு... நாப்பத்தெட்டு!" வீரராகவன் குமிழைத் திருகினார். "ஓய், குதிக்கறது பாரும்!"

அரிசி குதித்தது. கூடவே டேஷ்போர்டு கடகடவென்றது.

"மச்சான் வண்டியிலயா கடகடப்பு?" அருள்நாதனால் நம்ப முடியவில்லை. டேஷ்போர்டின் திருகாணிகளையெல்லாம் முறுக்கினார். கடகடப்பு இடது கதவுக்குப் போயிற்று. கதவின் உள்அட்டைகளைக் கழற்றி உள்ளே இருந்ததை முறுக்கினார். இப்போது அரிசி ஐம்பத்தைந்தில்தான் குதித்தது.

"அட்டை இல்லேன்னா நம்பர் மாறத்தானே செய்யும்?" என்றார் வீரராகவன், சாவகாசமாக.

அட்டைக்குப் பதில் நாலு தலையணையைத் திணித்தார்கள். நாற்பத்துநாலு. பேட்ரிசியா காப்பி கொடுக்கக் கதவைத் திறந்தாள். அரிசி படுத்துவிட்டது.

"காலி வண்டியில பாத்ததுதான் தப்பு!" என்று துள்ளினார் அருள்நாதன். "நாளைக்குப் பொண்ணு உள்ள இருக்குமே! பேட்ரிசியா, ஏறு."

"நான் எதுக்கு?"

"நீதான் பொண்ணு."

பதினெட்டு வருஷம் கழித்து இப்படி ஒரு வார்த்தை கேட்டதில் அவள் கொஞ்சம் நெகிழ்ந்து ஏறி உட்கார்ந்தாள். தோழிகள் இருவருக்குப் பதிலாக இரண்டு பக்கமும் அரிசி மூட்டைகள் வந்து உட்கார்ந்தன. தட்டு அவள் தலைக்குப் பின்னால், கண்ணாடி ஓரத்துக்குப் போயிற்று.

"என்னங்க, இந்தக் கண்ணாடியில ஜெபமாலை தொங்குமே, காணோம்? பின்னாடி திரை வேற புதுசா இருக்கு."

"கல்யாணத்துக்கு எல்லாம் புதுசா மாத்தியிருப்பாரு. அசையாம இரு."

"காலையில நீங்க எடுத்துட்டுப் போன ரேஷன் கார்டு எங்க?"

"வண்டியிலதான் கிடக்கும்."

சீட்டுக்கு அடியில் துழாவிப் பார்த்தாள். கிடக்கவில்லை. அதற்குள் வீரராகவன் நாற்பத்தாறில் குமிழை நிறுத்தி, ஒலியை முழுசாகக் கூட்டிவிட்டார். வண்டி உறுமியது. தட்டிலிருந்த அரிசி பேட்ரிசியாவின் தலையில் அட்சதையாக விழுந்தது. பின்கண்ணாடித் திரை கம்பியோடு கழன்று விழுந்தது.

திரை இருந்த இடத்தில், கண்ணாடியின் மூலையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.



"பெருமாளே!" என்றார் வீரராகவன். "ஓய், ஆத்துல தேடுவா. நான் கிளம்பறேன்." ஆசிலேட்டரை அணைத்துக்கொண்டு அவர் போன வேகத்தைத் தொழிற்சாலையில் யாரும் பார்த்ததில்லை.

பேட்ரிசியா கத்தியிருந்தால் தேவலை. தலையில் அரிசியோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.  அருள்நாதன் ஒவ்வொரு திருகாணியாக முறுக்கி, அட்டைகளை மாட்டி, வண்டியைப் பழையபடி ஆக்கினார். கண்ணாடியை என்ன செய்ய? கல்யாண வீட்டில் மச்சான் முகத்தை எப்படிப் பார்க்க?

நாலரை மணிக்கு வெள்ளைக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பெரிய மனிதர் கேட்டைத் திறந்து வந்தார்.

"நான் ஹபீபுல்லாங்க. வண்டி எடுக்க வந்தேன்."

நாளைக்கு ஓட்ட மச்சான் ஆள் அனுப்பிவிட்டார் என்று அருள்நாதனுக்குப் புரிந்துபோயிற்று. சாவியைக் கொடுத்தார். அந்த மனிதர் வண்டியைத் தெருக்கோடி வரை குண்டு குழியில் ஓட்டித் திரும்பி வந்தார்.

"உள்ள இருக்கிறதையெல்லாம் முறுக்கினது யாருங்க?"

"நான்தாங்க. கண்ணாடி விரிசலும் என்னாலதான். மச்சான்கிட்ட நானே வந்து சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"அந்த விரிசலா? அது போன ரம்ஜானுக்கு முன்னாடியே விழுந்ததுங்க."

"என்னது?"

"அதை மறைக்கத்தானே திரை போட்டதே! அதை விடுங்க. ரெண்டு வருஷமா இந்தக் கடகடப்பு. மூணு மெக்கானிக் பாத்தும் போகல. இப்பப் பஞ்சு மாதிரி ஓடுது! நல்லா இருங்க நீங்க."

அருள்நாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை அரிசி இறங்கியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பாத்தியா உங்க அண்ணனை? ஒரு வருஷமா விரிசலைத் திரை போட்டு மறைச்சு வச்சுக்கிட்டு, அண்ணியைச் சாயக்கூடாதுன்னிருக்காரு!"

"ஆண்டவரே, நன்றி!" பேட்ரிசியா சிலுவை போட்டுக்கொண்டு, தலையிலிருந்த அரிசியை உதறினாள். அண்ணன் செய்த தப்புக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட தங்கை அவளாகத்தான் இருப்பாள். "உட்காருங்க, காப்பி சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"இருக்கட்டும்மா, கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்." ஹபீபுல்லா சட்டைப் பையிலிருந்து ஒரு ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார்.

"ஐயோ, எங்க வீட்டுக் கார்டு! இது எப்படி உங்ககிட்ட?"

"தெருமுனையில உங்க வண்டியை அலுங்காமக் கொண்டாந்து நிறுத்தியிருக்கேன், அதுக்குள்ளதாங்க கிடந்துச்சு, இதுல இருந்த விலாசத்தைப் பாத்துத்தான் வந்தேன். மார்க்கெட் வாசல்ல உங்க சாவி என் அம்பாசடருக்குச் சேர்ந்த மாதிரியே, என் சாவியும் உங்க அம்பாசடருக்குச் சேருது."