உங்கள் தங்கை பாஸ் சொல்லத் தாமதித்தது குறித்து

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். உங்கள் தங்கையும் நலம். இருவரும் தனித்தனியே நலமாக இருக்கிறோம் என்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் போனில் பேசினால் உங்கள் தங்கை அடுத்த அறையிலிருந்து திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பாள். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை எங்கள் கிளப்பில் ஜோடிக் கோப்பைக்கான பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டி. ஆட்டத்தை எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்தவரே நீங்கள்தான். அன்றிலிருந்து நானும் உங்கள் தங்கையும் ஒரே ஜோடி, வேறு யாரோடும் ஆடியதில்லை. இந்த வருடம் அவள் கிளப்பில் ஆடும் பல் டாக்டரோடு ஆடப்போகிறாளாம். ஜோடிப் பெயர்களை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். நீங்கள் அங்கே மூன்று கிளப்புகளுக்கு நடுவராக இருப்பவர், விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குபவர். நான் செய்தது சரிதான் என்று இரண்டு வரி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு உடனே கூரியரில் அனுப்பினால், அவள் முன்னால் வைத்துவிடுவேன். நான் சொன்னால் கேட்கமாட்டாள், அண்ணன் சொன்னால் கேட்பாள்.

உங்கள் கண்ணாடி உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஆகவே இதை உங்கள் வீட்டு அக்காதான் உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அக்காவுக்குச் சீட்டுக்கட்டு என்றாலே ஆகாது என்பதால் அவர்களுக்காகச் சில வரிகள். அக்கா, இந்த ஆட்டத்தில் நமக்கு எதிரே உட்காருபவர் எதிரி இல்லை, அவர்தான் நம் கூட்டாளி. எதிரிகள் நம் இரண்டு பக்கமும் இருப்பார்கள். சீட்டைப் போடுவதற்கு முன்னால் ஏலம் நடக்கும். ஸ்பேடு, ஹார்ட்ஸ், டைமண்ட் என்று ஒரு வகையைச் சொல்லி, அதில் ஆறுக்கு மேல் இத்தனை பிடி, அதாவது இத்தனை சுற்று, எடுப்பேன் என்று ஒவ்வொருவரும் மாறிமாறிக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பாஸ். வாயால் பேசக்கூடாது. மேஜையில் இருக்கும் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வைப்பதோடு சரி. இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. கூட்டாளி டக்கென்று பாஸ் போட்டால் அவர் கையில் ஒன்றுமில்லை, ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பாஸ் போட்டால் ஏதோ இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும் இல்லையா, அப்படித் தெரிந்ததை வைத்து நாம் லாபம் பார்க்கக்கூடாது. நான் வேலைபார்த்த காலமெல்லாம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன். தராசு முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இந்த விதியைப் படித்தபோது இது எனக்காகவே எழுதியது என்று தோன்றியது.

உங்கள் தங்கைக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே வீட்டிலிருந்து ஆன்லைனில் ஆடியபோதே சச்சரவு தொடங்கிவிட்டது. ஒருவர் சீட்டு இன்னொருவர் கண்ணில் படக்கூடாது என்று நான் அவளைப் படுக்கையறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன், நான் கூடத்தில். அப்போதும் என் மனம் கேட்கவில்லை, ஏனென்றால் சுவர் மெல்லிசு. ஒருநாள் ஏலத்தின் நடுவில் எனக்கு இருமல் வந்துவிட்டது. என் கையில் நல்ல சீட்டு வந்ததால் இருமினேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே என்று போட்டி நடத்துபவருக்கு நானே தட்டச்சு செய்து தகவல் கொடுத்தேன். அவர் "தண்ணி குடிங்க சார்" என்று பதில் அனுப்பினார். இன்னொரு நாள் அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோய் உள்ளே ஆடிக்கொண்டிருந்தாள். பால் பொங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கத்திச் சொல்லலாம், ஆனால் ஆட்டம் நடக்கும்போது கூட்டாளியோடு பேசக்கூடாது. என் முறை வேறு. நான் எழுந்து போனால் அதுவும் தாமதம். சீட்டு முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன், பாத்திரத்தின் அடி நிலக்கரியாகிவிட்டது. உங்கள் தங்கை பாத்திரத்தைத் தூக்கி என் மூக்குக்கு நேரே பிடித்து, "ஏங்க, பாலுக்குமா சட்டம்?" என்று கேட்டாள். பாலுக்கு விலக்கு என்று புத்தகத்தில் எங்குமில்லை என்றேன்.

இதெல்லாம் பழைய கதை. போன வார விஷயம்தான் தலைக்குமேல் போய்விட்டது. எங்கள் கிளப் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. மடக்கு மேஜைகள், பச்சைத் துணி, ஆடும்போது கிறீச்சிடும் மின்விசிறி. என் இடப்பக்கம் ஒரு வக்கீல், வலப்பக்கம் அவருடைய தங்கை, எதிரே உங்கள் தங்கை. என் கைக்கு வந்த சீட்டைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஸ்பேடு ஏழு, அதில் பெரியதெல்லாம் என்னிடம். ஹார்ட்ஸ் ஒன்றுகூட இல்லை. நான் அடக்கமாக ஒரு ஸ்பேடு என்று ஆரம்பித்தேன். வக்கீல் கோர்ட்டில் பேசுகிற வேகத்தில் ஒரேயடியாக நாலு ஹார்ட்ஸ் என்று அட்டையை வைத்தார். அடுத்தது உங்கள் தங்கை. வைத்தாளா? இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றுகிறது, வக்கீல் பேனாவை மூடித் திறக்கிறார், இவள் கூரையைப் பார்க்கிறாள். ஒரு யுகம் கழித்துப் பாஸ் அட்டையை எடுத்து வைத்தாள். வக்கீலின் தங்கையும் பாஸ். இப்போது என் முறை.

மச்சான், என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். யார் அந்தக் கையை வைத்திருந்தாலும் நாலு ஸ்பேடு கேட்பார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அவள் யோசித்துவிட்டாள். அவளிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு கேட்டால் நான் யார்? முள் சாய்ந்த தராசு. கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டேன். எங்கள் நடுவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், கூப்பிட்ட மேஜைக்குப் பிரேக் போடுகிற மாதிரி வந்து நிற்பார்.

"யாரு மேல புகார்?"

"என் மனைவி மேல. பாஸ் போட ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க."

"அத எதிர்க்கட்சிதானே சொல்லணும்?"

"அவங்க கவனிக்கல சார்."

வக்கீல் தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று எழுந்து நின்று சொன்னார். வக்கீலுக்கே ஆட்சேபணை இல்லாத வழக்கு உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். நடுவர் உங்கள் தங்கையைப் பார்த்து, "ஏம்மா லேட்டாச்சு?" என்றார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த மேஜையிலிருந்து பல் டாக்டர் எழுந்து வந்துவிட்டார். "நான்தான் போன மாசம் இவங்க கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்டேன். பெப்பர்மின்ட் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க, நானே பாத்தேன். கேப்புல ஒட்டிக்கிட்டா எடுக்க நேரமாகும். யோசனையெல்லாம் இல்ல, இது பல் விஷயம்" என்று சொல்லிக்கொண்டே, திறந்த வாயைத் தனக்காகத் திறந்ததாக நினைத்து, போனில் டார்ச் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நடுவரும் குனிந்து பார்த்தார். வக்கீல் சாட்சியத்தைப் பதிவு செய்யலாமா என்று கேட்டார். மிட்டாயால் வந்த தாமதம் யோசனையில் சேருமா சேராதா என்று நாங்கள் நாலு ஆண்கள் நின்றபடி விவாதித்தோம். முடிவு ஏற்படவில்லை. "சீட்ட ஆடி முடிங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார் நடுவர்.

நான் பாஸ் போட்டேன்.

மற்ற எல்லா மேஜைகளிலும் அதே சீட்டுக்கு நாலு ஸ்பேடு கேட்டுப் பன்னிரண்டு பிடி எடுத்திருந்தார்கள். வக்கீல் நாலு ஹார்ட்ஸை ஆடி ஜெயித்துவிட்டு எனக்கு நன்றி சொன்னார். நடுவர் வந்து என் சீட்டை விரித்துப் பார்த்தார். "இந்தக் கைய வச்சுக்கிட்டா பாஸ்?" என்று கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தப்புப் பண்ணி லாபம் பாத்தவங்களுக்குத் தண்டனை இருக்கு சார். தப்பே பண்ணாம நஷ்டப்பட்டவங்கள என்ன பண்றதுன்னு புத்தகத்துல இல்ல." முதலிடத்தில் இருந்த நாங்கள் அந்த ஒரு சீட்டில் இரண்டாம் இடத்துக்கு இறங்கினோம்.

காரில் ஏறியதும் உங்கள் தங்கை கேட்டாள். "ஸ்பேடு ஏழு இருந்துச்சா?" இருந்தது என்றேன். "ஹார்ட்ஸ்?" ஒன்றுகூட இல்லை என்றேன். மறுநாள் காலை டாக்டர் போன் செய்து, தன்னோடு ஆட வர முடியுமா என்று அவளிடம் கேட்டிருக்கிறார். இவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றாள். என்னிடம் பாஸ் சொல்ல ஒரு யுகம், அவரிடம் சரி சொல்ல ஒரு நொடி. இப்போது தினமும் பிற்பகல் இரண்டு பேரும் போனில் ஏலப் பயிற்சி செய்கிறார்கள். நடுநடுவே சிரிப்புச் சத்தம் வேறு. எங்கள் பயிற்சியில் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை, நான் அதை ஒரு தகுதியாக நினைத்திருந்தேன்.

நான் ஆன்லைனில் ரோபோவைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டேன். ஒன்று சொல்ல வேண்டும், ரோபோ தாமதிப்பதே இல்லை. ஒரே சீரான வேகம். அதனிடமிருந்து எதையும் ஊகிக்க முடியாது, அப்பழுக்கில்லாத கூட்டாளி. ஆனால் என் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. நேற்று நான் அரைகுறைச் சீட்டோடு மெதுவாக ஒன்று கேட்க, அது எடுத்ததும் ஆறுக்குப் போய்விட்டது. தோற்றோம். திட்டலாம் என்றால் காது இல்லை. அந்த நேரம் உங்கள் தங்கை காபி டம்ளரோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். அடுத்த சீட்டில் நான் டைமண்டைத் தொடப்போனபோது "ம்ம்" என்று ஒரு சத்தம் போட்டாள். வேடிக்கை பார்ப்பவர் சத்தம் போடக்கூடாது என்று விதி இருக்கிறது, அதைச் சொன்னேன். டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போனபிறகு டைமண்டைப் போட்டேன். அது தப்பு. அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்று தோன்றியது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன் மச்சான், எதிர் நாற்காலியில் அவள் இல்லாமல் எனக்கு ஆட்டமே ஓடவில்லை. சீட்டை அடுக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள், அதைப் பார்க்காமல் எனக்கு என் சீட்டை அடுக்க வரவில்லை. அதைப் பார்ப்பதும் விதிக்குப் புறம்பு என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே தயவுசெய்து, மிட்டாய் ஒட்டியதால் ஏற்பட்ட தாமதமானாலும் அதைக் கண்ட கூட்டாளி பாஸ் சொன்னதே முறை என்று தீர்ப்பு எழுதி அனுப்புங்கள். கூடவே, டாக்டருக்குப் பல்லைத்தவிர வேறு எதிலும் ஆழம் போதாது என்று அண்ணன் என்ற முறையில் ஒரு வார்த்தை சேர்த்தாலும் எனக்கு மறுப்பு இல்லை. இவ்வளவு நீளத்தையும் சீட்டுக்கட்டின்மேல் இருக்கும் கோபத்தை அடக்கிக்கொண்டு படித்துக் காட்டிய அக்காவுக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகள் கைநிறையச் சம்பாதித்து, வேளைக்குத் தூங்கி, சீட்டாட்டம் பக்கமே போகாமல் நல்லபடியாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்
(கூட்டாளி என்று போட்டுக்கொள்ள இப்போதைக்கு உரிமை இல்லை)

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் புது வீட்டு முகவரி என்னிடம் இல்லாததால் உங்கள் தங்கையிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்டுக் கடிதத்தை வாங்கினாள், ஈரக் கையோடு நின்றபடியே முழுக்கப் படித்தாள். சில இடங்களில் மை கலைந்திருப்பது அதனால்தான்.

"மிட்டாய் ஒட்டிக்கிச்சுன்னு யாரு சொன்னது?" என்றாள்.

"டாக்டர்."

"நான் சொன்னேனா?"

நீ எதுவுமே சொல்லவில்லையே என்றேன்.

"சொல்லத்தான் வாயத் திறந்தேன். டார்ச் அடிச்சுப் பாத்தீங்க எல்லாரும். எதிராளி ஒரேயடியா உசரத்துக்குத் தாவிக் கேட்டா, அடுத்தவங்க மனசுக்குள்ள பத்து எண்ணிட்டுத்தான் அட்டைய எடுக்கணும். கையில ஒண்ணுமே இல்லேன்னாலும் எண்ணணும், அப்பதான் யாரும் எதையும் ஊகிக்க முடியாது. அண்ணன் மொத நாளே சொன்னது. நான் எண்ணிக்கிட்டிருந்தேன். அந்த மேஜையில விதிப்படி நடந்தது நான் ஒருத்திதான், என்மேலயே புகார். அன்னிக்கும் நடுவரக் கேட்டீங்க, டாக்டரக் கேட்டீங்க, வக்கீலக் கேட்டீங்க. இன்னிக்கு அண்ணனக் கேக்குறீங்க. என்னை எப்பக் கேப்பீங்க?"

விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன் மச்சான். அப்படியேதான் இருக்கிறது. கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறது, கோடு நான் போட்டது. ஆகையால் உங்கள் தீர்ப்பு தேவையில்லை, அனுப்பினாலும் நான் பிரிக்கப்போவதில்லை.

அவளிடமே கேட்டேன். "சனிக்கிழமை என்னோட ஆடுறியா?"

கையைத் துடைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் கூரையைப் பார்த்தாள். நான் பத்துவரை எண்ணினேன், அதற்கு மேலும் ஆகிறது. இந்த வரியை எழுதும்போதும் அங்கேயேதான் நிற்கிறாள், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. இந்தத் தாமதத்திலிருந்து நான் எதையும் ஊகிக்கக்கூடாது, ஊகித்தாலும் அதை வைத்து லாபம் பார்க்கக்கூடாது. கிளப்புக்குப் போன் செய்து எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன்.