நாற்காலிக்காரரும் ஐந்து சாக்கு மூடிகளும்

அந்தத் தெருவில் நாற்காலிக்காரர் என்றால் தெரியாதவர்கள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்து, இருபது வருஷமாக மரநாற்காலிகளைத் தானே வரைந்து, தானே இழைத்து விற்கிறவர். நல்ல மரத்தைத் தடவிப் பார்த்தாலே கண் கலங்கிவிடும். ஆனால் நெகிழியைக் கண்டால் மட்டும் நெகிழ மாட்டார். அதற்கு நரம்பு கிடையாது, வாசனை கிடையாது, மூப்பும் கிடையாது, சாவும் கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றை வீட்டுக்குள் விடுவது பேயைக் குடிவைப்பதற்குச் சமம் என்பது அவருடைய கட்சி.

அவருக்கு வாய்த்த மனைவியோ ஒரு பாட்டில் மூடியைக்கூட எறிய மனம் வராதவள். ஷாம்பு தீர்ந்தால் பாட்டில் பரணுக்குப் போகும். ஐஸ்கிரீம் டப்பா, எண்ணெய் கேன், காதறுந்த வாளி எல்லாம் அங்கேதான். கடைப் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்து, அதை இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டி மேலே ஏற்றிவிடுவாள். இதைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் அவள் ஒரு டப்பாவின் மூடியைத் திறக்கச் சொல்வாள். திறந்து பார்த்தால் உள்ளே இன்னும் பத்து மூடி இருக்கும்.

ஒரு நாள் பொறுமை போய், கூடத்தின் நடுவில் நின்று சபதம் செய்தார்.

"இனிமே இந்த வீட்டுல ஒண்ணு பிளாஸ்டிக் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிராமல் கேட்டாள். "நீங்க எங்க போறதா இருக்கீங்க?"

அவர் பட்டறைக்குப் போனார்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த போன் அடித்தது. எடுத்தார். ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். பிளாஸ்டிக்கைக் குப்பையாகப் பார்க்காமல், கலைக்கும் வடிவமைப்புக்கும் உரிய பொருளாகப் பார்க்கும் ஒரு கண்காட்சி நடத்துகிறோம். உங்கள் வீட்டில் கைவேலை பிரமாதமாக நடக்கிறது என்று கேள்விப்பட்டோம். மூன்று வாரத்தில் ஏதாவது ஒன்று தர முடியுமா என்றாள். இருபது வருஷத்தில் அவரைக் கண்காட்சிக்குக் கூப்பிட்ட முதல் ஆள். பிளாஸ்டிக் என்ற சொல் காதில் விழுவதற்குள் கண்காட்சி என்ற சொல் தலைக்கு ஏறிவிட்டது. அவள் முடிப்பதற்கு முன்பே சம்மதம் சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. வேண்டியது பழைய, புழங்கிய பிளாஸ்டிக். அது மலைபோல இருப்பது பரணில். பரணோ மனைவியின் ராஜ்யம். ஒரு மாதத்துக்கு முன் சபதம் போட்ட வாயால் இப்போது போய், பத்து மூடி கொடு என்று எப்படிக் கேட்பது? இரவு, பகல் என்று பாராமல் யோசித்து ஒரு திட்டம் கண்டுபிடித்தார்.

மறுநாள் காலை குரலில் தேனைத் தடவிக்கொண்டு, நீ தனியாக எவ்வளவுதான் பார்ப்பாய், பரணை நானே சுத்தம் செய்கிறேன், அங்கிருக்கிற கண்ட டப்பாவையும் மொத்தமாக ஒழித்துவிடுகிறேன் என்றார். எட்டு வருஷமாக அவள் சுத்தம் செய்யச் சொல்லி, எட்டு வருஷமாக அவர் முதுகுவலி என்று சொல்லி வந்த பரண் அது. அவள் உடனே சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"ஒழிக்கிறதுதான் ஒழிக்கிறீங்க, கழுவி ஒழிங்க," என்றாள். "அப்படியே கலர் கலராப் பிரிச்சுடுங்க. பழைய சாமான் வாங்கறவர் அப்பதான் எடுத்துப்பார்."

கழுவுவதும் பிரிப்பதும் எப்படியும் அவருக்கு வேண்டிய வேலைதான். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

நான்கு நாள் பரணே கதி என்று கிடந்தார். தும்மித் தும்மி மூக்கு தக்காளியானது. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் பால் குடித்த பாட்டிலின் மூடி ஆறு கிடைத்தது. அவர் கீழே இறங்கும்போதெல்லாம் மனைவி, அந்த மூலையைப் பார்த்தீர்களா, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தீர்களா என்று கேட்டாள். பிறகு இரண்டு நாள் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு மூடியையும் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என்று ஐந்து சாக்கு பட்டறைக்குப் போனது.

நாற்காலிக்காக அவற்றை உருக்கிப் பலகையாக்கும் வேலை அதைவிடப் பெரிய தொல்லை. முதல் பலகை கருகியது. இரண்டாவது அச்சுத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மூன்றாவதில் எல்லா நிறத்தையும் கலந்து, பழுப்பாக்கி, கம்பியால் கோடு இழுத்து, மரத்தில் ஓடுகிற ரேகையைக் கொண்டுவந்துவிட்டார். என் கை பட்டால் பிளாஸ்டிக்கும் மரம்தான் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

தாங்க முடியாத இன்னொன்றும் நடந்தது. நீலச் சாக்கு இளைத்துக்கொண்டே வந்தது. பாதி, கால், பிறகு ஒரு கைப்பிடி. மனைவியிடம் கேட்கலாம்தான். ஆனால் ஒழித்துவிட்டேன் என்று சொன்ன பொருள் காணாமல் போனதை எந்த முகத்தோடு கேட்பது? சுற்றி வளைத்து, வீட்டில் எலி இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கலாம் என்றாள் அவள், துணி தேய்த்துக்கொண்டே. சமீபமாக அவள் எந்நேரமும் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் எலிப்பொறி வைத்தார். மறுநாள் பொறியில் வைத்த ரொட்டித் துண்டு அப்படியே இருந்தது. சிவப்புச் சாக்கு குறைந்திருந்தது. நிறம் பார்த்துத் தின்கிற எலியை அவர் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

எப்படியோ நாற்காலி முடிந்தது. கண்காட்சி நாளன்று, வாடிக்கைக்காரர் ஒருவருக்கு நாற்காலி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, அதைத் துணியால் போர்த்தி வண்டியில் ஏற்றினார். மனைவி வெளியே போகிற புடவையில் வந்து நின்றாள். கையில் போர்வையில் சுருட்டிய ஏதோ ஒன்று. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்று முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எந்தப் பக்கம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கிவிடுவாள் என்று வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். அவள் இறங்குவதாக இல்லை. கண்காட்சி மண்டப வாசல் வந்தது. அவர் பார்க்காததுபோல் தாண்டப் போனார்.

"இங்கதாங்க, நிறுத்துங்க," என்றாள் மனைவி.

உள்ளேயிருந்து கண்காட்சிப் பெண் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள். அவரும் கையை நீட்டினார். அவள் அவரைக் கடந்துபோய் மனைவியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

போர்வையைப் பிரித்தார்கள். ஆள் உயரத்தில் ஒரு திரை. கடைப் பைகளை அடுக்கடுக்காக வைத்து, காகிதம் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டியிருந்தாள். அதன் நடுவே வட்ட வட்டமாக மூடிகள். அதைக் கண்ணாடி ஜன்னலில் மாட்டினதும் வெயில் உள்ளே புகுந்து தரையெல்லாம் நீலமும் சிவப்புமாகக் கொட்டியது. மெல்லிய இடத்தில் இளநீலம், பை மூன்று மடிப்பாக இருந்த இடத்தில் கருநீலம். எந்த மரமும் இப்படி வெளிச்சத்தை உள்ளே விடாது என்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் எரிச்சல்.

கண்காட்சிப் பெண் மரியாதைக்கு அவருடைய நாற்காலியையும் பார்த்தாள். அப்படியே மரம் மாதிரி இருக்கிறதே என்றாள். அவர் பூரித்து நன்றி சொன்னார்.

"அப்ப மரத்துலயே செஞ்சிருக்கலாமே சார்?" என்றாள் அவள், உண்மையாகவே புரியாமல்.

அவர் மனைவியை ஓரமாக அழைத்துப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு, இதெல்லாம் எப்போதிலிருந்து என்று கேட்டார். இரண்டு வருஷமாக, தினமும் நீங்கள் பட்டறைக்குப் போனபிறகு என்றாள். மகள்தான் படம் எடுத்து இவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"அன்னிக்கு நீங்க எடுத்துப் பேசினது என் போனுங்க. நான் அப்புறமா திருப்பிக் கூப்பிட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா பரணை யார் சுத்தம் பண்ணியிருப்பா?"

அதற்குள் நாலு பேர் வந்து, இந்த நீலம் எப்படி வந்தது என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவருடைய நாற்காலியைத் தூக்கித் திரைக்கு எதிரே போட்டிருந்தார்கள். அவர் போய் அதில் உட்கார்ந்தார். நன்றாகத்தான் தாங்கியது. கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். தோளில் ஒரு கை மெதுவாகத் தட்டியது. மனைவிதான்.

"எந்திரிங்க. அது திரையைப் பார்க்க வர்றவங்க உட்கார்றதுக்குப் போட்டது."