முழங்கைக்கு வந்த சோதனை

"கையைத் திருப்பு!"

பாலத்தடிச் சென்றியில், ஆமிக் காவலரணில், சிப்பாய் அதட்டியதும் தபால்காரர் நல்லரத்தினம் கையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு முழங்கையிலும் செக்கச்சிவந்த படை, மேலே வெள்ளைச் செதில்.

முழங்கையில் காய்ப்பு இருந்தால் இயக்கத்தில் தவண்டு தவண்டு பயிற்சி எடுத்தவன் என்று ஆமி ஏற்றிக்கொண்டு போன காலம் அது. நல்லரத்தினத்தின் தொந்தி வயிற்றோடு தவழ்ந்தால் முழங்கை தரையில் முட்டவே முட்டாது. ஆனால் அதை யார் சிப்பாய்க்கு எடுத்துச் சொல்வது?

சிப்பாய் குனிந்து உற்றுப் பார்த்தான்.

"எத்தினை நாள்?"

"ரெண்டு மாசம் ஐயா."

"என்ன பூசினது?"

"ஒண்டும் பூசல்ல ஐயா."

சட்டைப் பையிலிருந்து கொப்பி எடுத்து ஏதோ எழுதிக்கொண்டான். "போ."

பழுகாமத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மனைவி சீதேவிப்பிள்ளையிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எழுதினவனா? ஐயோ, கண்ணகை அம்மா! இனி அந்தப் பக்கம் போகாதீங்க."

"போகாம? வெளிநாட்டுப் பிள்ளைகள் போடுற கடிதமெல்லாம் அக்கரைத் தபால் கந்தோரில கிடக்கு. ஊர் என்ன சும்மா விடுமா?"

"அப்ப இந்த அறுவான்ட படையை உரைச்சுக் கழட்டுறன். நீட்டுங்க கையை!"

தேங்காய்ப் பொச்சும் சவுக்காரமும் எடுத்துச் சட்டி தேய்ப்பதுபோல் தேய்த்தாள். பாவம், அவள் வைத்த பாசத்தில் தோலே உரிந்து வந்தது. வியாழக்கிழமை அதே சிப்பாய் முன்னால் நின்றபோது, முந்தின நாள்தான் காட்டில் தவழ்ந்துவிட்டு வந்த ஆள் போலிருந்தார்.

"என்ன பூசினது?"

"பொச்சு... சவுக்காரம் ஐயா."

அதையும் எழுதினான்.

அடுத்தது வேப்பிலையும் மஞ்சளும். முழங்கை எரிந்து வீங்கியது. திங்கட்கிழமை அதைச் சொல்லும்போது சிப்பாயின் முகம் முன்னைவிடக் கடுகடுத்திருந்தது.

"எத்தினை தரம் பூசினது? காலையா, ராவா?"

வீட்டுக்கு வந்த நல்லரத்தினம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நேரமும் கேக்கிறான் சீதேவி! வழக்கு எழுதுறான்!"

"அப்ப மூடிக்கட்டிப் போங்க" என்று கலியாணத்துக்குப் போட்ட நீளக்கைச் சட்டையைக் கொடுத்தாள். சித்திரை வெயிலில் பாலம் ஏறும்போதே உள்ளே வியர்த்து, கடி தாங்க முடியவில்லை. சரியாகச் சென்றிக்கு முன்னால் சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சொறிந்தார், மனுசன்.

சிப்பாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் மறைச்சது? திரும்பி வரும்போது என்னட்ட வா!"

நல்லரத்தினம் தபால் கந்தோருக்குக்கூடப் போகாமல் நேரே களுவாஞ்சிக்குடி டொக்டரம்மாவிடம் ஓடினார்.

"இது சொரியாசிஸ். கிருமி ஒண்டுமில்ல" என்றார் டொக்டரம்மா. "கிருமியைக் கொல்ல எங்கட தோலே ஒரு மருந்து சுரக்கும், காவல்காரர் மாதிரி. உங்கட தோலில அது அளவுக்கு மிஞ்சிப் போயிற்று. எதிரி இல்லாமலே காவல் கூடினா என்ன நடக்கும்? வீட்டுக்காரருக்குத்தான் அடி. நீங்க உரைக்க உரைக்க, யாரோ தாக்குறாங்க எண்டு தோல் இன்னும் ஆள் சேர்க்குது."

நல்லரத்தினம் பதறிப்போய் யன்னலைப் பார்த்தார். "மெதுவாச் சொல்லுங்க டொக்டர், வெளியில ஆமி நிக்குது!"

டொக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு களிம்பைக் கொடுத்து, "மெதுவாப் பூசுங்க. உரைக்கக் கூடாது" என்றார். இது தோல் வருத்தம்தான் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

திரும்பும்போது சென்றியில் கடிதத்தை நீட்டினார். சிப்பாய் வாங்கி இரண்டு தரம் வாசித்தான். மடித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டான். போச்சு! இருந்த ஒரே அத்தாட்சியும் போச்சு!

"வா இங்க."

மண்மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். நல்லரத்தினத்துக்குக் கண் நிறைந்தது. சீதேவி அவித்து வைத்திருக்கும் மரவள்ளிக்கிழங்கு ஞாபகம் வந்தது. இனி அவளை எந்தப் பிறவியில் பார்ப்பது?

சிப்பாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் சீருடைக் கையை மெல்ல மேலே உருட்டினான். முழங்கை மஞ்சளாக வீங்கி, தோல் உரிந்து, செதில் செதிலாகக் கிடந்தது.

"ஐயா பூசினது எல்லாம் நம்மளும் பூசினது, வருத்தம் கூடிப்போச்சு!" என்றான் அழாத குறையாக. "டொக்டர் இப்ப என்ன பூசச் சொன்னது?"