துணைக்கு அடித்த ஆணி

“…இன்னும் எண்ணியே முடிக்கல, அதுக்குள்ள எறங்குன்னா எப்படிங்க?” என்று ஸ்டூல்மேல் நின்றபடி ஹார்டுவேர் கடைக்காரரை அதட்டினார் ரெண்டாணி. வலது கையில் ஆணி அடிக்கும் பேட்டரி நெயில் கன், அன்று அவர் பார்க்கும் மூன்றாவது. கை தலைக்குமேல். கண் மூடியிருந்தது, உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

திருவண்ணாமலையில் இந்தத் தச்சர் கை படாத கதவும் இல்லை, அவர் சொன்ன கணக்கில் முடிந்த வேலையும் இல்லை. எதைக் காட்டினாலும் “ரெண்டே ஆணி, முடிஞ்சுது” என்பார். பெயரே அப்படி வந்ததுதான். என் வீட்டு அலமாரிக்கும் ரெண்டே ஆணி என்றார். மூன்றாம் நாள் எண்ணினேன்: நாற்பத்தொன்று.

“தாங்கறது அந்த ரெண்டுதான் சார். மத்ததெல்லாம் தொணைக்கு!”

கரெண்ட் இல்லாத கொட்டகை, மலையடிக் குடிசை, கிரிவலப் பாதைக் கடை. இவைதான் அவர் ராஜ்யம். காற்றில் அடிக்கிற கன் என்றால், அங்கே கம்ப்ரஸரை இழுத்துக்கொண்டு போக முடியுமா? அதனால் பேட்டரி கன். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க நான். சுத்தி என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அதுக்கும் வயசாவுது சார். ரெண்டு மாசமா ரெஸ்ட் குடுத்திருக்கேன்.”

முதல் கன் பெரியது. பன்னிரண்டு எண்ணுவதற்குள் கை இறங்கிவிட்டது. “இத்த வாங்கினா, தூக்கறதுக்குத் தனியா ஒரு ஆள் வெக்கணும்.”

இரண்டாவதில் கேஸ் குப்பி போட வேண்டும். “நடுவுல தீந்துட்டா அடி அண்ணாமலையில யாரைக் கேக்கறது? மாட்டையா?”

மூன்றாவது சின்னது. அவருடைய டிரில் பேட்டரியே அதற்கும் பொருந்தியது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்து, பெயின்ட் வாங்க வந்த ஒருவர் என்னிடம் ரகசியமாக, “வேண்டுதலா?” என்று கேட்டார்.

அறுபது எண்ணி இறங்கினார். கடைக்காரர், “அண்ணா, அதுல பவர் கம்மி. மெல்லிசு ஆணிதான் போவும்” என்றார்.

“என் வேலையும் மெல்லிசுதாங்க. கட்டுங்க.”

அங்கிருந்து நேராகக் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை. மறுநாள் பௌர்ணமி, கூட்டம் வரும். செல்வியின் எலுமிச்சை சோடாக் கடையில், வெயிலுக்குக் கட்டிய பச்சை வலையைக் காற்று பிய்த்திருந்தது. மேலே ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வைத்து அதை இறுக்க வேண்டும்.

“ரெண்டே ஆணி தங்கச்சி!” என்று ஸ்டூலில் ஏறினார். நான் கீழே நின்று சட்டத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

கன் நெஞ்சு வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை; கடையில் அறுபது எண்ணியதிலேயே கை ஓய்ந்துவிட்டிருந்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, ஒரு குடத்தைத் தூக்குவதுபோல் மேலே ஏற்றினார். கடையில் அவர் சோதித்தது கன்னை அல்ல, தன் தோளை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்” என்றார் மெதுவாக. “கை தூக்க முடியலன்னு தெரிஞ்சா, அப்பால ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க.”

டக். டக். வேர்த்துப்போய் இறங்கினார். செல்வி நிமிர்ந்து பார்த்தாள். எண்ணினாள். வாயைப் பிளந்தாள்.

“இன்னாண்ணா இது, நெஜமாவே ரெண்டே ஆணி! உடம்பு கிடம்பு சரியில்லையா?”

ரெண்டாணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கீழே குந்தி, தோளைத் தூக்கத் தேவையில்லாத உயரத்தில், ஒரு குறையும் இல்லாத மேசைக்காலில், அவள் “போதும்ணா, போதும்!” என்று சிரிக்கும்வரை, துணைக்கு ஆணி அடித்துக்கொண்டே இருந்தார்.