ஏறக் கூடாத எண்

ஆறாம் இடத்தில் இருந்த லிஜோ, ஐந்தாம் கேள்விக்கு விடை அனுப்பிய மறுநொடியே எட்டாம் இடத்துக்குப் போய்விட்டான். விடை தப்பு. தப்புக்கு மதிப்பெண் வெட்டு.

சென்னைக் கம்பெனி ஒன்று ஆள் எடுப்பதற்காக இணையத்தில் நடத்திய புரோகிராமிங் போட்டி அது. ஞாயிறு மூன்று மணி முதல் ஐந்து வரை, வீட்டிலிருந்தே எழுதலாம். முதல் பத்துப் பேருக்கு வேலை. பதினோராவது ஆளுக்கு வாழ்த்து. லிஜோ பதினோராவது ஆளானால் மஸ்கட். சித்தப்பா சிலுவைமுத்து தன் கடையில் மூட்டை அடுக்க விசா எடுத்து வைத்துவிட்டு, திங்கட்கிழமை பதில் கேட்டிருந்தார். பொறியியல் முடித்து இரண்டு வருடம் சும்மா இருப்பவன் வேறு என்ன பதில் சொல்வான்?

அம்மா வியாகுலம்மாள் பால் ஊற்றாத கட்டன்சாயாவோடு வந்து திரையைப் பார்த்தாள். புருஷன் வள்ளத்தில் கொண்டுவரும் மீனைக் குளச்சல் துறைமுகத்தில் ஏலத்தில் விற்றுக் கொடுப்பவள் அவள். எண் ஏறினால் முகம் தானாக மலர்ந்துவிடும்.

"ஒம் பேருக்கு நேரா முன்ன ஆறுல்லா கெடந்து? எட்டாச்சே மக்கா!"

"ஆமா" என்றான் எரிச்சலாக.

"கொள்ளாம்! ஏட்டி டெல்சி, எங்க லிஜோவுக்கு எட்டு ஆச்சுட்டி!"

பக்கத்து வீட்டு டெல்சி வந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். இத்தனை பேர் மூச்சு பிடரியில் பட்டால் யாருக்குத்தான் புரோகிராம் வரும்? லிஜோ ஒரு வரியை மாற்றி அனுப்பினான்.

"பதினொண்ணு!" என்று கைதட்டினார்கள்.

எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். ஜன்னலுக்கு வந்தார்கள். ஜன்னலையும் சாத்தினான். உள்ளே புழுங்கியது, வேர்த்த விரல் வேறெதையோ தட்டி, பதினைந்து.

"எத்தற ஆச்சு மக்கா?" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

"பதினஞ்சு! போதுமா?"

போதும்போலத்தான் ஆரவாரம் கேட்டது. அப்போதுதான் டெல்சியின் புருஷன் ஜேசுதாஸ் வந்து சேர்ந்தார்.

"அக்கா, இது ஏலம் இல்ல. ஒண்ணாவது வாரவந்தான் ஜெயிச்சவன். நம்பரு ஏற ஏறப் பயலுக்கு மஸ்கட்டுதான்."

வெளியே கூட்டம் கலைந்தது. வியாகுலம்மாள் மெல்லக் கதவைத் திறந்து வந்து, மகனுக்குப் பின்னால் நின்றாள். அவன் மேலும் இரண்டு முறை அனுப்பினான். பதினேழு. பத்தொன்பது.

"அந்தப் பொத்தான அமுக்குனாத்தான் போவுமா மக்கா?"

"ஆமா. கொஞ்சம் சும்ம இரிம்மா."

அவள் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே போனாள். மாதாவிடம் முறையிடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான் லிஜோ. பாவம், அம்மா.

நாலரைக்குக் கரண்ட் போயிற்று.

2013-இல் கரண்ட் போவது செய்தியே இல்லை. ஆனாலும் லிஜோ தலையில் அடித்துக்கொண்டான். பழைய கம்ப்யூட்டர், பேட்டரி எதுவும் கிடையாது. பிரவுசிங் சென்டருக்கு ஓடினான், ஞாயிற்றுக்கிழமை, பூட்டு. மின்சார ஆபீசுக்குப் போன் அடித்தான், யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்து இருட்டறையில் உட்கார்ந்தான். டெல்சி வீட்டு டிவியில் யாரோ ஓவென்று அழுதார்கள். அவனும் சேர்ந்து அழலாம்போல இருந்தது.

ஐந்தே காலுக்குக் கரண்ட் வந்தது. முடிவைப் பார்க்கவே அவனுக்கு மனமில்லை. அம்மா அடுக்களையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மஸ்கட்டுக்கு வாரேன்னு சித்தப்பாட்ட சொல்லிரும்மா."

"நாளைக்குச் சாயங்காலம் சொல்லுவோம். நேரம் இருக்குல்லா?"

மறுநாள் காலை போன் வந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"வாழ்த்துகள் லிஜோ, நீங்க ஒன்பதாவது இடம்."

லிஜோ மறுபடியும் கேட்டான். "பத்தொன்பதா மேடம்?"

"ஒன்பது. அந்த அஞ்சாவது கேள்விய யாராலயும் போட முடியல. உங்களுக்கு மேல இருந்தவங்கள்ல பத்துப் பேர் கடைசி நிமிஷம் வரைக்கும் தப்புத் தப்பா அனுப்பிக் கீழ போயிட்டாங்க. நீங்க மட்டும் நாலரைக்கே நிறுத்திட்டீங்க. தெரியாதப்போ கையைக் கட்டிக்கிட்டு இருக்க ஒரு நிதானம் வேணும். அந்த நிதானம் உள்ள ஆள்தான் எங்களுக்குத் தேவை."

"சின்ன வயசுலேருந்தே நான் அப்படித்தான் மேடம்" என்றான் லிஜோ, கூசாமல்.

வீடு நிறைந்த சந்தோஷம். வியாகுலம்மாள் முந்திரிக்கொத்து சுட்டுத் தெருவெல்லாம் கொடுத்தாள். முதல் பொட்டலத்தை அடுத்த தெரு லைன்மேன் சூசைக்கு லிஜோவிடமே கொடுத்தனுப்பினாள். லிஜோவும் அவரிடம் தனியாக நன்றி சொல்ல நினைத்திருந்தான்.

"சூசண்ணே, நேத்து ஊருல கரண்டு போனதுனாலதான் எனக்கு வேல கெடச்சு. வெளிய சொல்லிராதீங்க."

சூசை ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஊருல எங்கல கரண்டு போச்சு? 'பய அந்தப் பொத்தான அமுக்க அமுக்க நம்பரு ஏறுது'ன்னு ஒங்கம்ம ஓடி வந்தாவ; அஞ்சு மணி வர ஒங்க வீட்டு பியூஸ் கட்ட எஞ் சட்டப்பைக்குள்ளல்லா கெடந்து!"